பழைய அம்பாசடர்ல எம்பிஎஃப்ஐ இன்ஜின்: என்ன கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

எங்க வீட்டு வண்டி 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2. அதுல இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை திரும்பத் திரும்ப போர் பண்ணி (சிலிண்டரை உள்ள கடைஞ்சு பெருசாக்குறது), இனிமே கடைய சுவரே இல்லைங்கிற நிலைக்கு வந்ததுக்கப்புறம், பின்னாடி அதே கம்பெனி அம்பாசடர்ல போட்ட 1817 சிசி இசுசூ இன்ஜினை, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் அடிக்கிறது) வந்த வண்டில இருந்து கழட்டுனது, 5 கியர் பாக்ஸ், ஒயரிங், இசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி) எல்லாத்தோடயும் சேத்து வாங்கி எறக்குனோம். பழசு 50 குதிரைத்திறன் பக்கம், இது 75 பக்கம். ஓட்டுறப்ப அந்த வித்தியாசம் நல்லாவே தெரியுது.

எறக்குறது ஒரு வாரம்தான். அதுக்கப்புறம் சின்னச் சின்ன கோளாறு தீக்கத்தான் எட்டு மாசம் போச்சு. நாங்க இருக்குறது திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் பக்கம், பட்டறையும் இங்கதான். எங்க மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான் சொல்வாரு, "தம்பி, இன்ஜினும் நல்ல இன்ஜின், வண்டியும் நல்ல வண்டி, ரெண்டும் தொடுற எடத்தைப் பாரு". எட்டு மாசத்துல வந்த அத்தனை கோளாறும் அப்படித்தான் இருந்துச்சு. எர்த் ஒயர், பெட்ரோல் லைன், தண்ணி லைன், ஷாஃப்ட் (கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற தண்டு), பெடல். இசியூ ஒரு தடவகூட தப்பு பண்ணல, ஆனா எடுத்த எடுப்புல எல்லாரும் கை காட்டுனது இசியூவதான். அதனால உங்க வண்டில என்ன அறிகுறி தெரியுதோ அதுக்கு நேரா போயி படிங்க, இசியூ வாங்க காசு எடுத்து வைக்காதீங்க.

செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல. சாவியை விடுற நேரத்துல மட்டும் ஒரு உதறு உதறுது

அந்த உதறல்தான் துப்பு. பழைய சாவி சுவிட்ச்ல செல்ஃப் அடிக்கிற நிலைக்கு திருப்புனா சில முனைல கரண்ட் கட் ஆகிடும், ரேடியோ ஹீட்டருக்கெல்லாம் போற லைன் அது. ஒயரிங் பண்ணவரு இசியூவோட சாவி லைனை அந்த முனைல குடுத்திருந்தா செல்ஃப் சுத்துற நேரம் பூரா இசியூ செத்துக் கெடக்கும், சாவியை விட்டதும் உயிர் வரும், அந்த நேரத்துல இன்ஜின் சுத்துற வேகத்துல ஒரு வெடி வெடிச்சுப் பாக்கும், அவ்வளவுதான். டெஸ்ட் லேம்ப்பை இசியூ சாவி லைன்ல வச்சுக்கிட்டு ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. விளக்கு அணைஞ்சா ஆள் கெடச்சாச்சு. சாவி போட்டாலும் செல்ஃப் அடிச்சாலும் ரெண்டு நேரமும் கரண்ட் இருக்குற முனைக்கு மாத்தி, அதுல இருந்து ஒரு ரிலேவை மட்டும் இழுக்க விடுங்க. 50 வருஷத்துப் பழைய சுவிட்ச் வழியா பம்பு, இன்ஜெக்டர், காயில் எல்லாத்தோட கரண்டையும் ஓட விட்டா சுவிட்ச் உள்ள உருகிடும்.

விளக்கு எரியுது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகலன்னா செல்ஃப் சுத்துறப்ப பேட்டரி வோல்ட் பாருங்க. 9.6க்கு கீழ போனா மொதல்ல பேட்டரி. அது சரியா இருந்தா சாவி போட்டதும் பின்னாடி பம்பு ரெண்டு செகண்ட் 'ஙீ'ன்னு ஓடி நிக்குதான்னு காது குடுங்க, வண்டி பக்கத்துல பேச்சு சத்தம் இல்லாம. அந்த சத்தம் இல்லன்னா பம்பு ரிலே, ஃபியூஸ், பம்போட எர்த். சத்தம் இருந்து ஸ்பார்க் மட்டும் இல்லன்னா கிராங்க் சென்சார், இன்ஜின் சுத்துறதை இசியூவுக்குச் சொல்றது அதான். பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற கூடு) கழட்டி மாட்டுற நேரத்துல அந்த ஒயர் நசுங்கிப் போறது ரொம்ப சகஜம்.

எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கோளாறு. ஹெட்லைட் போட்டா மிஸ்ஸிங், ஹார்ன் அடிச்சா மீட்டர் முள்ளு ஆடுது

எர்த். இதுல ஒரு மாசம் போனது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இன்ஜின் உக்காந்திருக்கிறது ரப்பர் மவுண்டிங் மேல. ரப்பர்ல கரண்ட் போகாது. பேட்டரி நெகட்டிவ் பாடிக்குப் போகுது, பாடில இருந்து இன்ஜினுக்கு ஒரு தடிச்ச பட்டை ஒயர் கட்டாயம் வேணும். எங்க வண்டில ஒயர் இருந்துச்சு, ஆனா போல்ட் போட்ட எடம் டிங்கர் பெயிண்ட் அடிச்ச எடம், பெயிண்ட்டுக்கு மேலயே வாஷரை வச்சு முறுக்கியிருந்தாங்க. பாத்தா பளிச்சுன்னு புதுசா இருக்கும், கரண்ட் மட்டும் போகாது. அப்ப செல்ஃப் எப்படி சுத்துச்சுன்னா கரண்ட் வேற வழி தேடிக்கிச்சு. ஒரு நாள் காலைல நாலஞ்சு தடவ செல்ஃப் அடிச்சுட்டு பானெட்டைத் தொறந்தப்ப ஆக்சிலேட்டர் கேபிள் மேல கை பட்டுச்சு, சுட்டுடுச்சு. கேபிளோட உள் கம்பி வழியா செல்ஃப் மோட்டாரோட கரண்ட் பூரா பாடிக்கு போய்க்கிட்டு இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கேபிள் உள்ள ஒட்டிப் புடிச்சிருக்கும், ஓட்டுறப்ப ஆக்சிலேட்டர் திரும்பாம நின்னுருக்கும்.

பாக்குற முறை இதான். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை இன்ஜின் பிளாக்ல. செல்ஃப் அடிங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்ல எர்த். 0.5ஐத் தாண்டுனா கண்டிப்பா சரி பண்ணியாகணும். போல்ட் போடுற எடத்துல பெயிண்ட்டை வெள்ளி தெரியுற வரைக்கும் சுரண்டி, முறுக்கி, அப்புறம் மேல கிரீஸ் பூசுங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓட்டுறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இதைக் கழட்டிப் பாத்துடுங்க, உப்புக் காத்து செம்பை பச்சையாக்கிடும். இசியூவோட எர்த் ஒயர் நேரா இன்ஜின் பிளாக்குக்கே வரணும், டேஷ்போர்டு ஸ்குரூல மாட்டக் கூடாது.

இன்னொண்ணு. டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முன்னாடி காலத்து சார்ஜ் மெஷின்) போட்டு வந்த பழைய வண்டி சிலதுல பாசிட்டிவ்தான் எர்த்தா இருக்கும். ஒயரோட கலரை நம்பி கனெக்‌ஷன் குடுத்துடாதீங்க, மீட்டர் வச்சு பாத்துட்டு குடுங்க, தப்பா குடுத்தா இசியூவும் ஆல்டர்னேட்டர் டயோடும் அந்த நிமிஷமே போயிடும்.

சார்ஜ் விளக்கு எரியவே இல்ல, பேட்டரியும் எறங்குது

விளக்கு எரியலன்னா சார்ஜ் ஆகுதுன்னு அர்த்தம் இல்லீங்க. நெறைய ஆல்டர்னேட்டருக்கு அந்த சின்ன பல்பு வழியா வர்ற கரண்ட்தான் எழுப்பி விடுது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ அந்த எடத்துல எல்இடி போட்டாலோ ஆல்டர்னேட்டர் தூங்கிடும். பழைய சாதா பல்பையே போடுங்க. டைனமோவோட பழைய கட்அவுட் பெட்டி இன்னும் லைன்ல இருந்தா எடுத்துடுங்க. இன்ஜின் ஓடுறப்ப பேட்டரில 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வந்தா போதும்.

பதினஞ்சு இருபது கிலோமீட்டர் நல்லா ஓடி அப்படியே அணைஞ்சு போகுது, பத்து நிமிஷம் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகுது

தஞ்சாவூர்ல இருந்து வர்றப்ப சாலியமங்கலம் வரைக்கும் ஒண்ணும் இருக்காது, அம்மாபேட்டை வந்தா நிக்கும். மூணு தடவ ஒரே எடம். சூட்டுல சென்சார் போகுதுன்னு ஒருத்தர், காயில்னு ஒருத்தர். ரெண்டையும் மாத்துனோம், ரெண்டும் வீண் செலவு.

டேங்க்தான். கார்புரேட்டர் காலத்து டேங்க், அடில 50 வருஷத் துரு. பழைய மெக்கானிக்கல் பம்பு 0.3 பார் அளவுக்குத்தான் தள்ளும், மெதுவா உறிஞ்சும், துரு அடிலயே கெடக்கும். எம்பிஎஃப்ஐ பம்பு 3 பார் பக்கம் தள்ளுது, தேவைக்கு மேல உறிஞ்சி மிச்சத்தை ரிட்டர்ன்ல அனுப்புது, அந்த வேகத்துல துரு பூரா கெளம்பி பம்பு உறிஞ்சுற வாய்ல இருக்குற வலைல போயி அப்பிக்கும். வண்டி நின்னு பம்பு நின்னதும் அப்பினது உதிர்ந்துடும், திரும்ப ஓடும். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காரணம் இதான். கையில பிரஷர் கேஜ் இருந்தா இன்ஜெக்டருக்கெல்லாம் பெட்ரோல் பிரிச்சுக் குடுக்குற ரயில் பைப்ல மாட்டி ஓட்டிப் பாருங்க, அணையுறதுக்கு முன்னாடி முள்ளு மெதுவா எறங்குறது கண்ணால தெரியும்.

டேங்க்கை எறக்கி, கழுவி, உள்பூச்சு குடுத்துட்டோம். அதோட பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்துங்க, அழுத்தம் தாங்குறதா, எத்தனால் தாங்குறதா பாத்து. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை உப்ப வச்சு உதிர்த்துடுது, அதோட தண்ணியையும் இழுத்துக்குது. ஐப்பசி கார்த்திகை மழைல ஒரு மாசம் வண்டி எடுக்காம நிறுத்துறவங்க டேங்க்கை நெறச்சு வச்சு நிறுத்துங்க, உள்ள காத்துக்கு எடம் கொறஞ்சா ஈரமும் கொறையும்.

வளைவுல திரும்புறப்ப மட்டும் அணையுதா? டேங்க் உள்ள தடுப்பு கெடையாது, பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க பம்பு காத்தை உறிஞ்சுது. ஒன்றரை லிட்டர் அளவுல ஒரு சின்ன டேங்க்கை நடுவுல வச்சு அதுல இருந்து பம்பை உறிஞ்ச வைங்க. மூடியைத் தொறந்தா 'புஸ்'ஸுன்னு காத்து உள்ள இழுக்குதா? டேங்க்குக்கு காத்து போற வென்ட் ஓட்டை அடைச்சிருக்கு. அது ரெண்டு நிமிஷ வேலை.

ஓடுறப்ப சூடு இல்ல, நின்னா ஏறுது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. சித்திரை மத்தியானம் கேட்டு போட்டுக் கெடக்கும், முன்னாடி லாரி, பின்னாடி பஸ், அங்க ஐட்லிங்ல முள்ளு நகராம நின்னா எந்த ஊருக்கும் அந்த வண்டியை எடுத்துட்டுப் போலாம். எங்களோடது மொத ரெண்டு மாசம் அங்க நிக்கல.

நின்னா சூடுன்னா காத்து கொறச்சல். எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருந்தா மொதல்ல அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க, ஒயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தி சூட்டுக் காத்தை முன்னாடி தள்ளும். ரேடியேட்டர் முன்னாடி ஒரு நியூஸ்பேப்பர் தாளைப் புடிங்க, இழுத்து ஒட்டிக்கணும். எங்களுக்கு ஒட்டுச்சு, ஆனா நடுவுல மட்டும்தான். ஃபேனைச் சுத்தி கூடு இல்ல, ஃபேன் இருக்குற வட்டத்துல மட்டும் காத்து போச்சு, நாலு மூலையும் சும்மா கெடந்துச்சு. தகரத்துல கூடு அடிச்சு மாட்டுனோம், பாதி பிரச்சனை அதோட போச்சு.

மீதி பாதி தை மாசம் வந்துச்சு. சம்பா அறுப்பு நேரம், ரோட்டுல நெல்லு காயுது, மெஷின் தூத்துற பதர் காத்துல பறக்குது. ரேடியேட்டரை முன்னாடி பாத்தா சுத்தம். கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா கால்வாசிதான் வெளிச்சம் தெரியுது, துடுப்பு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பதர் குத்துக்குத்தா சொருகி, அதுமேல எண்ணெயும் புழுதியும் சேந்து அடை மாதிரி ஒட்டிப் போயிருக்கு. பின்பக்கம் இருந்து முன்பக்கமா மெதுவா தண்ணி அடிச்சு எடுக்கணும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை கிட்ட வச்சு அடிச்சா துடுப்பு மடங்கிடும்.

ஓடுறப்பதான் சூடு, நின்னா எறங்குது

இது தண்ணி ஓட்டம் கொறச்சல். இன்ஜினை ரேஸ் பண்ணிக்கிட்டே கீழ் ஹோஸைப் பாருங்க, உறிஞ்சுற வேகத்துல தட்டையா அமுங்குனா உள்ள ஸ்பிரிங் இருக்குற ஹோஸ் போடணும். அமுங்கலன்னா ரேடியேட்டர் உள்ள உப்பு கட்டியிருக்கும். கடலோரம் போர்வெல் தண்ணியை ஊத்துறவங்க உடனே நிறுத்துங்க, கூலண்ட்டும் சுத்தத் தண்ணியும்தான் போகணும்.

சூடு ஏறி ஏறி எறங்குது, எந்தக் கணக்குலயும் வரலன்னா காத்து அடைச்சிருக்கு. பழைய ரேடியேட்டர் மூடி புது இன்ஜினோட தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியைத் தடுத்து வைக்குற வால்வு) ஹவுசிங்கை விட கீழ இருந்தா காத்து மேல தங்கிடும். வண்டியோட மூக்கு மேல இருக்குற மாதிரி நிறுத்தி, மூடியைத் தொறந்து வச்சு, ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி தண்ணி ஊத்தணும். நம்ம பக்கம் மேடுன்னு ஒண்ணு கெடையாது, ஆத்தங்கரை ஏத்தத்துலதான் நாங்க நிறுத்துனோம். அப்புறம் நிரந்தரமா உசரத்துல ஒரு சின்ன தண்ணி டேங்க் வச்சு மூடியை அதுக்கு மாத்திட்டோம்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு, சூடுன்னதும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுற பழக்கம் இங்க எல்லாப் பட்டறைலயும் இருக்கு. கார்புரேட்டர் வண்டில செல்லுச்சு. எம்பிஎஃப்ஐல இன்ஜின் சூடாகவே விடாம வச்சா இசியூ இன்னும் காலைக் குளிர்னு நெனச்சுக்கிட்டு பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். மைலேஜ் வரல, சைலன்சர் வாய் கருப்பா இருக்கு, ஐட்லிங் ஒசரமா நிக்குதுன்னு வர்ற வண்டில மொதல்ல அந்த ஹவுசிங்கைத் தொறந்து பாருங்க, உள்ள காலியா இருக்கும்.

60ல இருந்து 80க்குள்ள வண்டியே அதிருது

60, 70ல போறப்ப நியூட்ரல் பண்ணி விட்டுப் பாருங்க, ரோடு காலியா இருந்தா. அதிர்வு நின்னா இன்ஜின் மவுண்டிங் பக்கம். தொடர்ந்தா ஷாஃப்ட் இல்லன்னா வீலு. எங்களுக்குத் தொடர்ந்துச்சு.

புது கியர் பாக்ஸோட நீளம் வேற, அதனால ஷாஃப்ட்டை லேத்ல வெட்டி ஒட்டுறோம். அங்க மூணு விஷயம் தப்பாகும். ஒட்டுறப்ப ரெண்டு முனை கவையும் ஒரே வாட்டத்துல வரணும், கொஞ்சம் திரும்பிட்டாலும் கவைல மாட்டுற கிராஸ் ஜாயிண்ட் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா வேலை செய்யும். வெட்டி ஒட்டுன ஷாஃப்ட்டை பேலன்ஸ் பண்ணாம மாட்டவே கூடாது. ஏன்னு கணக்குப் போட்டுக் காட்டுறேன். வீல் ஒரு சுத்துக்கு சுமார் 2 மீட்டர், கிரௌன் பினியன் (பின் ஆக்ஸில் உள்ள பல்சக்கர ஜோடி) 8க்கு 39ன்னா 4.875 விகிதம், 80 கிலோமீட்டர் வேகத்துல ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 3200 சுத்துக்கு மேல சுத்துது. 5ஆவது கியர் 0.85 மாதிரி இருந்தா அப்ப இன்ஜின் 2700, 2800லதான் இருக்கும், ஷாஃப்ட் இன்ஜினை விட வேகமா சுத்தும். பழைய 4 கியர் வண்டில அந்த நெலமை வந்ததே கெடையாது, இன்ஜின் அமைதியா இருக்குறதால நம்மளும் இன்னும் அழுத்துவோம்.

மூணாவது கோணம். கியர் பாக்ஸ் பின்முனை எத்தனை டிகிரி கீழ பாக்குதோ அத்தனை டிகிரி பினியன் மேல பாக்கணும், ஷாஃப்ட்டை போல்ட் போடுற தட்டு, அதாவது ஃபிளாஞ்ச், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா. போன்ல மட்டம் பாக்குற ஆப் இருக்கு, ஃபிளாஞ்ச் மேல வச்சு அளந்தாலே போதும். ஆனா வண்டி நாலு வீல்லயும் நின்னுக்கிட்டு இருக்கணும், ஜாக்கில தூக்குனா ஆக்ஸில் தொங்கி கணக்கு மாறிடும். எங்களுக்கு 4 டிகிரி வித்தியாசம். பின் ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சு சரி பண்ணுனோம். அன்னைக்கு சாயந்தரம் நீடாமங்கலத்துல இருந்து மன்னார்குடி வரைக்கும் போயிட்டு வந்தோம், டேஷ்போர்டு மேல வச்ச தண்ணி பாட்டில்ல அலை இல்ல. மெக்கானிக் அண்ணன் ஒண்ணும் பேசல, பாட்டிலையே பாத்துக்கிட்டு வந்தாரு.

கிரௌன் விகிதம் தெரியலன்னா, ஒரு பின்வீலைத் தரைல வச்சு கட்டை குடுத்துட்டு இன்னொரு வீலை மட்டும் தூக்கி, நியூட்ரல்ல, சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதான். ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டுறதுக்கும் இதுதான் காரணம், விகிதத்துக்கு ஏத்த ஸ்பீடோ பல்லு மாத்தணும்.

அறுப்புக் காலத்துல திடீர்னு அதிர்வு வந்தா அளக்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க. ரோட்டுல போட்ட வைக்கோல் கிராஸ்ல கயிறு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும். சைலன்சர் பைப் மேல சுத்தினா தீயே புடிக்கும், அதனால வைக்கோல் மேல ஏறி வந்த ஒவ்வொரு தடவையும் பாத்துடுங்க.

5ஆவது கியர் தானா வெளில வருது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம்

5ஆவது வெளில வர்றதுக்கு பாக்ஸைப் பிரிக்காதீங்க. ஸ்டியரிங்ல கியர் இருந்த வண்டில தரையை வெட்டி லீவர் எடுக்குறோம், அந்த ஓட்டை சின்னதா இருந்தா லீவர் விளிம்புல இடிச்சு கியர் முழுசா விழாது. ரப்பர் பூட்டைத் தூக்கிட்டு பாருங்க, இடிச்ச எடத்துல பெயிண்ட் போயிருக்கும். ரிவர்ஸ் சத்தம் கிளச் முழுசா விடாததால. கிளச் எண்ணெய் லைன்ல இருக்குற காத்தை எடுத்துப் பாருங்க, அப்பவும் இருந்தா பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் சின்னது, கீழ கிளச்சை நகத்துற சிலேவ் சிலிண்டரைத் தள்ளுற அளவுக்கு எண்ணெய் தள்ளல.

பிரேக் பத்தல

இது கோளாறு இல்ல, ஆனா எழுதாம விட மனசு வரல. 50 குதிரைக்கு இருந்த நாலு டிரம் 75க்குப் பத்தாது. இன்ஜின் வாங்குறப்பவே முன்பக்க டிஸ்க், பூஸ்டர் (பெடல் அழுத்தத்தைக் கூட்டிக் குடுக்குறது) செட்டையும் சேத்து வாங்குங்க. பூஸ்டர் வேக்கம் ஹோஸ் லூசா இருந்தா ஐட்லிங் ஏறி எறங்கும், அந்த ஹோஸை பிளையர்ல அமுக்கிப் புடிச்சா ஐட்லிங் நிதானமாகுதான்னு பாருங்க.

ரினியூவலுக்குப் போனா இன்ஜின் நம்பர் சேரலைங்கிறாங்க

15 வருஷம் தாண்டுன வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்கணும், அப்ப கண்டிப்பா பாப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவு இந்த விஷயத்துக்குத்தான், நம்ம இஷ்டத்துக்கு மாத்திட்டு அப்புறம் போயி நிக்க முடியாது. இன்ஜின் வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க, இன்ஜின் வாங்குன பில்லு, எந்த வண்டில இருந்து கழட்டுனதோ அதோட பேப்பர் ரெண்டையும் பத்திரமா வைங்க. இன்ஜின் வெளில கெடக்குறப்பவே நம்பர் மேல டேப் ஒட்டி பென்சில் தேய்ச்சு நாலு பிரிண்ட் எடுத்துடுங்க, எறக்குனதுக்கப்புறம் அந்த எடத்துக்கு கை போறதே கஷ்டம்.